இருண்ட திரையும் ஏழாம் எண் கணிப்பொறியும்

(பதினோராம் வகுப்பு கணிப்பொறி அறிவியல் பிரிவு மாணவியர்)

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள். முதல் பாடவேளையில் கணிப்பொறிக் கூடத்திற்கு வந்தவர்கள் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள். பத்து நிமிடம் ஆகியிருக்கும். “ஏழாம் நம்பர் போயிடுச்சு! இவ தொட்டா, போயிடுச்சு!” என்று ஒரே கூச்சல். அடுத்த பாடவேளைக்காக வாயிலில் வரிசையாக நின்ற நாங்கள் எட்டிப் பார்த்தோம். ஏழாம் எண் மேசையின் முன் ஒரு சிறுமி கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எதிரே திரை கரும்பலகை போல் கறுத்துக் கிடந்தது. அன்று மாலைக்குள் கூடத்துப் பதிவேட்டில், “எண் 7 – மானிட்டர் பழுது” என்ற குறிப்பும், ‘கடைசியாகப் பயன்படுத்தியவர்’ என்ற கட்டத்தில் அச்சிறுமியின் பெயரும் ஏறிவிட்டன. எழுதியவர் வேறு யாரும் அல்லர். அவ்வாரம் பதிவேட்டுப் பொறுப்பில் இருந்த நாங்களேதாம்.

மறுநாள் உணவு இடைவேளையில் அவள் எங்களைத் தேடி வந்தாள். “அக்கா, ஒரு மானிட்டர் என்ன விலை இருக்கும்?” என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. அக்கேள்விக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது எங்களில் பலருக்கும் புரிந்தது. எங்கள் வீடுகளும் அப்படிப்பட்டவையே.

கூடத்திற்குப் பொறுப்பான சிஸ்டரிடம் போய் நின்றோம். அவர் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். “மானிட்டர் பழுது என்று எழுதியிருக்கிறீர்களே, பழுது மானிட்டரில்தான் என்று யார் பார்த்தது?” என்றார். எங்கள் ஒருவரிடமும் விடை இல்லை. சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் கூடத்தைத் திறந்து விடுவதாகவும், ஆசிரியை உடன் இருப்பார் என்றும் சொன்னார். “எதைப் பார்த்தீர்கள், அதிலிருந்து எது தெரிந்தது என்று ஒவ்வொன்றாக எழுதி வையுங்கள். தெரியுமுன் முடிவு எழுதாதீர்கள்” என்பது அவர் இட்ட கட்டளை. அன்று எழுதியதன் விரிவே இக்கட்டுரை.

இருட்டு எங்கே பிறந்தது?

திரை இருண்டால் மானிட்டர் கெட்டது என்று எண்ணுவது இயல்பு. இருட்டு கண்ணில் படுவது அங்கேதானே! ஆனால் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் உடனே குழாயையா கழற்றி எறிகிறோம்? மேல்தொட்டியில் நீர் உண்டா, மோட்டார் ஓடிற்றா, நடுவில் எவரேனும் வால்வை மூடினார்களா என்று பார்க்கிறோம் அல்லவா? திரையும் குழாயின் வாய் போன்றதே. படம் அதில் ஊறுவதில்லை. படம் பிறப்பது மேசைக்கடியில் இருக்கும் பெட்டிக்குள். (அப்பெட்டி முழுவதையும் நாம் ‘சி.பி.யூ.’ என்று அழைக்கிறோம். உண்மையில் அப்பெயர் உள்ளே இருக்கும் ஒரு சிறு சில்லுக்கே உரியது. ஆயினும் ஊர் வழக்கை யார் மாற்றுவது?) அங்கே உருவாகும் படம் சாதாரணமாக ஒரு நொடிக்கு 60 முறை கேபிள் வழியே மானிட்டருக்கு வருகிறது. மானிட்டருக்குள் ஒரு மின்சுற்றுப் பலகை அதை வாங்கித் திரைக்குத் தருகிறது. திரையின் பின்புறம் ஒரு விளக்கு எரிந்து அதைக் கண்ணுக்குக் காட்டுகிறது. இவை தவிர, மானிட்டருக்கென்று தனியே ஒரு மின்சார இணைப்பும் உண்டு. இத்தனை இடங்களில் எங்கே அறுந்தாலும் நமக்குத் தெரிவது ஒரே கறுப்புத்தான்.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எது கெட்டது?’ என்பதன்று. ‘இன்னும் எது வேலை செய்கிறது?’ என்பதே.

மானிட்டரின் கீழ் ஓரத்தில் ஒரு சிறு விளக்கு இருக்கும். அதைப் பார்த்தோம். எரியவே இல்லை என்றால் மின்சாரம் வரவில்லை என்று பொருள். சுவர் சுவிட்ச், எக்ஸ்டென்ஷன் போர்டு, யு.பி.எஸ்., மானிட்டரின் பின்னால் செருகியிருக்கும் பவர் கார்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அந்தக் கார்டின் முனை பார்வைக்குச் செருகினாற்போல் இருந்தும் அரை விரற்கடை வெளியே நிற்பதுண்டு. கூட்டுகிறவர்களின் துடைப்பம் பட்டாலே போதும். விளக்கு எரிந்தால் அதன் நிறத்தைப் பார்க்க வேண்டும். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் ஆகையால், பக்கத்தில் நன்றாக ஓடும் மானிட்டரோடு ஒப்பிடுவதே நல்ல வழி. எங்கள் கூடத்தில் படம் தெரியும் மானிட்டர்களில் அவ்விளக்கு நீலமாக நிலைத்து எரியும். ஏழாம் எண்ணிலோ அது ஆரஞ்சு நிறத்தில் மெதுவாக மினுங்கிக்கொண்டிருந்தது. ‘நான் விழித்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் வந்து சேரவில்லை’ என்பது அதன் பொருள்.

அடுத்து மானிட்டரின் பொத்தானை அழுத்தி அணைத்து, மீண்டும் போட்டோம். இம்முறை எட்டுக் கண்கள் அதன்மேல் இருந்தன. கம்பெனியின் சின்னம் ஒரு நொடி தோன்றியது. பின் சிறு கட்டத்திற்குள் ‘சிக்னல் இல்லை’ என்று ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள். சில நொடிகளில் மீண்டும் கறுப்பு.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதே இரு சொற்களைத் திங்கட்கிழமையும் அது காட்டியிருக்கும். முப்பது பேர் கூடத்தில் இருந்தோம், யாரும் படிக்கவில்லை. ‘சிக்னல் இல்லை’ என்று தன் முகத்தில் எழுதிக் காட்டும் மானிட்டருக்கு மின்சாரம் இருக்கிறது, உள்பலகை வேலை செய்கிறது, பின்விளக்கு எரிகிறது, திரையும் நன்றாக இருக்கிறது. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அவ்வெழுத்தை நம்மால் படித்திருக்க முடியாது. தங்கை கேட்ட கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

கேபிளும் எங்கள் தவறும்

இனி மிஞ்சியவை இரண்டு, கேபிளும் பெட்டியும். இரண்டையும் அணைத்துவிட்டுக் கேபிளைக் கழற்றினோம். எங்கள் கூடத்தில் இருப்பவை பழைய ‘வி.ஜி.ஏ.’ கேபிள்கள். 1987-ல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த முறை இது. இதன் முனையில் வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசைகளில் 15 பின்கள். முதல் மூன்றும் முறையே சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வண்ணங்களைக் கொண்டு செல்கின்றன. 13-ம், 14-ம் பின்கள் படத்தின் வரி எங்கே தொடங்குகிறது, பக்கம் எங்கே தொடங்குகிறது என்று தாளம் சொல்கின்றன. இதனால் நாம் அறிவது, நீலத்தின் பின் ஒன்று மட்டும் வளைந்தால் திரை இருளாது. வெள்ளைத் தாள் மஞ்சளாகத் தெரியும். தாளம் கெட்டாலோ படமே இல்லை. எங்கள் கேபிளில் ஒரு பின் குறைவதைக் கண்டு, “இதோ உடைந்திருக்கிறது!” என்று மகிழ்ந்து கூவினோம். ஆசிரியை சிரித்துக்கொண்டே வேறு இரண்டு கேபிள்களைக் கொண்டுவந்து காட்டினார். அவற்றிலும் அதே ஒன்பதாம் பின் இல்லை. பல கேபிள்களை அப்பின் இல்லாமலே செய்கிறார்களாம்.

புதிய எச்.டி.எம்.ஐ. கேபிளில் 19 தொடர்புகள் இருப்பினும் ஆராயும் முறை ஒன்றே. ஒரே ஒரு வேறுபாடு. வி.ஜி.ஏ.வுக்கு இருபுறமும் திருகும் திருகாணி உண்டு, எச்.டி.எம்.ஐ.க்கு இல்லை. ஆதலின் அது தானே நழுவி வருவது எளிது.

இவ்விடத்தில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். அவசரத்தில் ஏழாம் எண்ணின் மானிட்டரையும் கேபிளையும் விட்டுவிட்டு, ஆறாம் எண்ணின் மானிட்டரையும் கேபிளையும் சேர்த்தே தூக்கி வந்து பெட்டியில் மாட்டினோம். அப்போதும் இருட்டு. பெட்டியில்தான் கோளாறு என்று ஒருத்தி சொல்ல, ஆறாம் எண்ணின் கேபிளும் கெட்டதாக இருந்தால் என்று மற்றொருத்தி கேட்க, தூக்கி வந்தபோது மானிட்டர் இடிபட்டதோ என்று மூன்றாமவள் ஐயுற, கால் மணி நேரம் வாக்குவாதத்தில் கழிந்தது. “ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் விடை ஒன்றாக வரும்” என்றார் ஆசிரியை. எல்லாவற்றையும் பழையபடி வைத்தோம். ஏழாம் எண்ணின் மானிட்டரை அதன் சொந்தக் கேபிளோடு, ஓடிக்கொண்டிருந்த ஆறாம் எண் பெட்டியில் மாட்டினோம். பளிச்சென்று படம் வந்தது! ஆக மானிட்டரும் குற்றமற்றது, கேபிளும் குற்றமற்றது. கோளாறு பெட்டியில்.

ஓர் எச்சரிக்கை. பெட்டியின் பின்புறம் சில சமயம் படத்திற்கென்று இரண்டு இடங்கள் இருக்கும். தனியாகக் கிராபிக்ஸ் கார்டு பொருத்திய கணிப்பொறியில், தாய்ப்பலகையின் இடத்தில் செருகினால் பெரும்பாலும் படம் வாராது. கீழே தனியாக, குறுக்குவாட்டில் இருக்கும் இடத்தில்தான் செருக வேண்டும். அண்ணன் விளையாட்டுக்காகக் கார்டு வாங்கி மாட்டிய வீடுகளில், கணிப்பொறியைத் துடைத்து இடம் மாற்றிய மறுநாள் வரும் இருட்டுக்குக் காரணம் பலமுறை இதுவே.

பெட்டி விழித்திருக்கிறதா?

பெட்டியின் விசிறி சுற்றியது, விளக்கும் எரிந்தது. ஆனால் விசிறி சுற்றுவதால் கணிப்பொறி இயங்குகிறது என்று சொல்ல முடியாது. அதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. விசைப்பலகையில் ‘கேப்ஸ் லாக்’ விசையை அழுத்த வேண்டும். அதன் சிறு விளக்கு ஒவ்வோர் அழுத்தத்திற்கும் எரிந்து அணைந்தால், கணிப்பொறி உள்ளே விழித்துக்கொண்டு வேலை செய்கிறது. படம் மட்டும் வரவில்லை. அவ்வாறானால் பெட்டியைத் திறக்கத் தேவையே இல்லை. விண்டோஸ் விசையையும் ‘பி’ என்ற எழுத்தையும் சேர்த்து அழுத்திப் பார்க்கலாம். ஏனெனில், விழாவுக்குப் புரொஜக்டர் மாட்டியவர்கள் ‘இரண்டாம் திரையில் மட்டும்’ என்று வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், ‘பி’ (நான்காவதாக வரும் இந்தப் ‘பி’ ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து) ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்தினால் படம் அனுப்பும் பகுதி மட்டும் புதிதாகத் தொடங்கும்.

எங்கள் ஏழாம் எண்ணில் கேப்ஸ் லாக் விளக்கு அசையவில்லை. பத்து முறை அழுத்தினோம். ஆக, கணிப்பொறி தொடக்கத்திலேயே எங்கோ நின்றுவிட்டது.

ஏன் நிற்கிறது? சுவிட்சைப் போட்டதும் கணிப்பொறி முதலில் தன்னையே சோதித்துக்கொள்கிறது. தன் நினைவுப் பலகையாகிய ‘ராம்’ இருக்கிறதா, சரியாகப் பேசுகிறதா என்று பார்க்கிறது. ராம் கிடைக்கவில்லை என்றால் மேலே செல்லாமல் அங்கேயே நின்றுவிடும். திரையில் எழுதிச் சொல்லும் நிலைக்கும் அது வந்து சேர்ந்திருக்காது. அதனால்தான் பழைய கணிப்பொறிகள் ‘பீப், பீப்’ என்று ஒலி எழுப்பித் தங்கள் குறையைச் சொல்லும். இப்போதைய பெட்டிகள் பலவற்றில் அச்சிறு ஒலிபெருக்கியே வைப்பதில்லை. ஊமையாக நிற்கின்றன.

ஆசிரியை முன்னிலையில் பெட்டியைத் திறந்தோம். அதற்கு முன் செய்தவற்றையும் சொல்ல வேண்டும். சுவிட்சை அணைத்தது மட்டுமன்றிப் பவர் கார்டையும் பிடுங்கினோம். பின்னர்ப் பெட்டியின் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தோம். உள்ளே எஞ்சிய மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டுக்கொண்ட பிறகே உள்ளே கை வைத்தோம். ஏனென்றால், நம் உடலில் சேரும் நிலைமின்சாரம் நமக்குத் தெரியாமலேயே சில்லுகளைக் கெடுக்கும்.

உள்ளே தூசி ஒட்டடை போல் படிந்திருந்தது. ஏழாம் எண் சன்னலோரத்து மேசை. மழைக் காலத்துச் சாரலும் மார்கழிப் பனியும் அடிக்கும் இடம். விடுமுறையில் அது இயங்காமலே கிடந்தது. ராம் பலகையின் இருபுறக் கிளிப்புகளையும் விலக்கி, அதை ஓரங்களில் பிடித்து வெளியே எடுத்தோம். அதன் அடியில் பொன் பூசிய சிறு தகடுகள் வரிசையாக இருக்கும். அவற்றின்மேல் மங்கலாக ஏதோ படிந்திருந்தது. மிருதுவான வெள்ளை ரப்பரால், அதாவது நாம் பென்சில் எழுத்தை அழிக்கும் அதே ரப்பரால், மெல்லத் தேய்த்தோம். துகள்களை வாயால் ஊதக் கூடாது, எச்சில் ஈரம் படும்; தூரிகையால் தட்டினோம். பலகையில் ஒரு பிளவு இருப்பதால் அது ஒரு பக்கமாகத்தான் பொருந்தும். இரு முனைகளையும் கட்டை விரல்களால் அழுத்தினோம். ‘டக்’ என்று கிளிப்புகள் தாமே மூடிக்கொண்டன.

கார்டைச் செருகிச் சுவிட்சைப் போட்டபோது யாரும் பேசவில்லை. ஆரஞ்சு விளக்கு நீலமாயிற்று. கம்பெனிச் சின்னம் வந்தது. பிறகு விண்டோஸ் வந்தது. அந்தக் கூச்சல் அலுவலகம் வரை கேட்டதாம், திங்களன்று சொன்னார்கள்.

சேமிப்பறையில் ஒரு மானிட்டர்

நிற்க. மீதம் முக்கால் மணி நேரம் இருந்தது. சேமிப்பறையில் ‘உதவாது’ என்று ஒட்டி வைத்த மானிட்டர் ஒன்று கிடந்தது. வெற்றி தந்த துணிவில் அதையும் கொண்டுவந்து ஆறாம் எண்ணில் மாட்டினோம். இதன் போக்கு வேறு. விளக்கு நீலமாக நிலைத்து எரிந்தது. திரையோ முழுக் கறுப்பு. ‘சிக்னல் இல்லை’ என்ற எழுத்தும் இல்லை. வெளிச்ச அளவை யாராவது அடிமட்டத்திற்குக் குறைத்துவிட்டார்களோ என்று பொத்தானை அழுத்தினோம், பயனில்லை.

ஆசிரியை சன்னல்களைச் சாத்தச் சொன்னார். ஒரு டார்ச் லைட்டைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்தார். அந்த ஒளி வட்டத்திற்குள், நீருக்கடியில் கிடக்கும் காசு போல, மிக மங்கலாகப் படம் தெரிந்தது! கோப்புகளின் சிறு உருவங்கள், மூலையில் கடிகாரம், எல்லாம் அங்கே இருந்தன. படம் வந்துகொண்டுதான் இருந்தது. அதைக் காட்டும் விளக்கு இல்லை, அவ்வளவே.

இதைப் புரிந்துகொள்ள இத்தகைய திரை எதனால் ஆனது என்று அறிய வேண்டும். 1888-ல் பிராகா நகரில் பிரெட்ரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலார், கேரட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அது 145.5 டிகிரி செல்சியஸில் உருகிக் கலங்கலான திரவமாயிற்று, 178.5 டிகிரியில் மீண்டும் மாறித் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலையா என்று அவர் வியந்தார். திரவம் போல் ஓடும், ஆயினும் படிகம் போல் ஒழுங்குடையது. அதுவே நீர்மப் படிகம். ஏறக்குறைய 80 ஆண்டுகள் கழித்து, 1968-ல், அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மையர் குழுவினர் அதைக் கொண்டு காட்சித் திரை அமைத்துக் காட்டினர்.

நீர்மப் படிகம் ஒளி தராது. அது ஒளிக்குக் கதவு மட்டுமே. எளிய வகைத் திரைகளில் அது ஒளியைத் தொண்ணூறு பாகை முறுக்கி வெளியே விடும். மின்னழுத்தம் தந்தால் முறுக்கு அவிழ்ந்து கதவு மூடிக்கொள்ளும். 1920-க்கு 1080 என்று சொல்லப்படும் திரையில் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கதவுகள். ஆக 62,20,800 கதவுகள்! அத்தனையும் ஒழுங்காகத் திறந்து மூடினாலும், பின்னே விளக்கு இல்லாவிட்டால் நமக்கு இருட்டே. அவ்விளக்கு முன்பு மெல்லிய குழல்விளக்காக இருந்தது. இப்போது எல்.ஈ.டி. அதன் வெண்மைக்கு அடிப்படையான நீல எல்.ஈ.டி.யைச் செய்த அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

“திறந்து பார்ப்போமா டீச்சர்?” என்று கேட்டோம். கூடவே கூடாது என்றார். மானிட்டருக்குள் மின்சாரம் வாங்கும் பகுதியில் உள்ள மின்தேக்கி 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது அடங்காது. வீட்டில் பழைய, பின்புறம் பருத்த டி.வி. வைத்திருப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிரவுன் என்ற ஜெர்மானியர் 1897-ல் அமைத்த குழாயின் வழிவந்தவை அவை. வண்ணக் குழாய்களில் இருபதாயிரம் வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கும். திருகாணியைத் தொடுவது பழுது பார்ப்பவர் வேலை.

அடுத்த வாரம் அவர் வந்தார். மூடியைத் திறந்து, உச்சி உப்பியிருந்த மின்தேக்கிகள் இரண்டைச் சுட்டிக் காட்டினார். அவற்றை மாற்றியதும் பின்விளக்கு எரிந்தது. புதிய மானிட்டர் வாங்கும் விலையில் அது ஒரு சிறு பங்குதான் என்று சிஸ்டர் சொன்னார். ‘உதவாது’ என்ற சீட்டை யார் எழுதினார்கள் என்று அவர் கேட்கவில்லை. கையெழுத்தைப் பார்த்தால் எங்களுக்கு முந்திய ஆண்டு அக்காமார்களுடையது போல் இருந்தது.

பதிவேட்டில் சிவப்பு மையால் திருத்தினோம். “எண் 7 – மானிட்டர் பழுது” என்பதை அடித்துவிட்டு, “ராம் தொடர்பில் தூசி, துடைத்துப் பொருத்தப்பட்டது. மானிட்டரில் குறை இல்லை” என்று எழுதினோம். ‘கடைசியாகப் பயன்படுத்தியவர்’ என்ற கட்டத்திற்கு மேல் புதிதாக ஒரு கட்டம் போட்டோம்: ‘விளக்கின் நிறம்’.

திங்கட்கிழமை முதல் பாடவேளையில் ஒன்பதாம் வகுப்பு உள்ளே வந்தது. அவள் ஏழாம் எண்ணுக்கு வர மறுத்து வாயிலருகே நின்றாள். நாங்கள் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார்த்தி, பதிவேட்டைக் காட்டினோம். இருமுறை படித்தாள். சுவிட்சைப் போட்டாள். திரையைப் பார்க்காமல் குனிந்து அதன் ஓரத்தைப் பார்த்தாள். “நீலம், அக்கா” என்றாள்.